கிளச் நானாவின் பனிப் பொத்தான்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு இதுவரை வந்துபோன கப்பல்கள் அத்தனையும் சேர்ந்து எனக்குத் தந்த தலையிடியை ஒரு தட்டில் வையுங்கள். கிளச் நானா என்கிற ஒற்றை மனிதர் தந்த தலையிடியை மற்றத் தட்டில் வையுங்கள். நானாவின் தட்டு நிலத்தில் போய் இடிக்கும். இதை நான் கோபத்தில் சொல்வதாக நீங்கள் நினைக்கலாம். கோபத்தில்தான் சொல்கிறேன். அதற்காக அது பொய்யாகிவிடாது.

உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் போக்குவரத்துக் கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மாலுமிகளை டொக்டரிடம் அனுப்புவது, கொழும்பில் இருந்து வரும் பெரியவர்களைச் சீனக்குடா விமான நிலையத்தில் ஏற்றுவது, எந்த வாகனம் எத்தனை மணிக்கு எங்கே நிற்கவேண்டும் என்று எழுதிவைப்பது எல்லாம் என் பொறுப்பு. இத்தனை வருடத்தில் ஒரு காகிதத்தை நான் மறந்தேன் என்று யாரும் சொல்ல ஏலாது. எங்கள் மனேஜரே தன் மனைவியின் பிறந்தநாளை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

கிளச் நானா கிண்ணியா ஆள். அங்கே அண்ணனை நானா என்பார்கள். உண்மைப் பெயர் ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. புல்மோட்டைப் பக்கம் இருபது வருடம் மணல் லொறி ஓட்டி, முதுகெலும்பு தேய்ந்து, இனி லொறி ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு எங்களிடம் வந்தவர். ஏஜென்சியின் பழைய வானை எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். குறை எப்போது வந்தது என்றால், மனேஜர் ஜப்பானில் பாவித்த சொகுசுக் கார் ஒன்றை வாங்கி, சாவியை நானாவின் கையில் கொடுத்த அன்றுதான்.

முத்து வெள்ளை நிறம். தோல் சீட். ஆட்டோமெட்டிக் கியர். முதல் ஓட்டத்தில் மனேஜர் கையில் பிளேன்ரீயுடன் பின்சீட்டில் ஏறினார். துறைமுக கேற்றைத் தாண்டியதும் நானா வழக்கம்போல் கியர் மாற்ற நினைத்து, இடது காலால் கிளச்சை முழுப் பலத்தோடு மிதித்தார். அந்தக் காரில் கிளச் இல்லை. அந்த இடத்தில் இருந்தது பிரேக். கார் நின்றது. பிளேன்ரீ நிற்கவில்லை. மனேஜரின் நெற்றி முன்சீட்டில் மோதி, சேட்டு முழுக்கத் தேயிலைச் சாயம்.

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், மனுசன் நேராக என் மேசைக்கு வந்து சண்டை பிடித்தார்.

"மிஸ், கிளச்ச ஆரு கழட்டினது?"

"நானா, ஆட்டோமெட்டிக் காருக்குக் கிளச் கிடையாது. கியர் தானா மாறும்."

"தானா மாறுமா? ஆரக் கேட்டு மாறும்?"

அன்றைக்கு வந்தது பெயர். மறுநாளில் இருந்து அவர் இடது செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, இடது காலை மடித்துச் சீட்டில் போட்டு, சோற்றுப் பந்தியில் பாதி இருப்பதுபோல இருந்துதான் கார் ஓட்டினார். வெளிநாட்டுக் கப்டன்மார் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். எனக்கு மானம் போனது.

இடது காலுக்கு வேலை போனதும் அவருடைய கவனம் முழுக்கக் கியர்த் தடிக்குப் போய்விட்டது. அந்தத் தடியைச் சுற்றி ஏதேதோ எழுத்துகள், பக்கத்தில் இரண்டு மூன்று பொத்தான்கள். அதெல்லாம் என்னவென்று சொல்லும் புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. சாதாரண ஆட்கள் என்ன செய்வார்கள்? 'டி'யில் போட்டுவிட்டுப் போவார்கள். காரும் போகும். உலகம் முழுக்க அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நானாவுக்கு அது பெரிய அவமானம்.

"'டி'யில போட்டுட்டு வானத்தப் பாக்கிறவனெல்லாம் டிரைவரா மிஸ்? ஒங்கட ஊட்டுல எத்தின கதவு இரிக்கி எண்டு தெரியாம நீங்க குடியிருப்பீங்களா?"

இந்தக் கேள்வியை என்னிடம் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. பெற்றோல் செட்டில் எண்ணெய் அடிக்க நிற்கும் முன்பின் தெரியாத கார்க்காரர்களின் கண்ணாடியைத் தட்டியும் கேட்டார். ஒரு நீதவானிடமும் கேட்டிருக்கிறார். அவர் யார் என்று தெரியாமல் கேட்டதாக நானா சத்தியம் செய்தார். தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பார்.

அப்போது பார்த்து ஒரு ஜப்பான் கப்பல் வந்தது. அதில் இரண்டாவது எஞ்சினியருக்குக் கடைவாய்ப் பல் வலி. பன்னிரண்டு மணிக்குப் பல் டொக்டரிடம் நேரம் எடுத்து, நானாவை அனுப்பினேன். பன்னிரண்டரைக்கு டொக்டரின் நேர்ஸ் போன் எடுத்துக் கேட்கிறா, ஆள் எங்கே என்று. நானாவின் போனுக்கு அடித்தால் பதில் இல்லை. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனேன். ஜெட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்தின் கீழே கார் நிற்கிறது. முன்சீட்டில் அந்த எஞ்சினியர் ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, மறுகையால் ஏதோ கீறிக்கொண்டிருக்கிறார். அவருடைய மடியில் கார்ப் புத்தகம். நானா பக்கத்தில் இருந்து, "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று பக்கம் திருப்புகிறார்.

"நானா! அந்த மனுசன் பல்லு வலியிலை சாகுது!"

"அஞ்சு நிமிசம் மிஸ். ரெண்டு பக்கம்தான் மிச்சம்."

கன்னம் தேங்காய்ப்பாதி அளவுக்கு வீங்கியிருந்தது. பாவம், அந்த எஞ்சினியரோ கோபிக்கவே இல்லை. மலை ஒன்று, சறுக்கும் கார் ஒன்று, வானத்தில் இருந்து விழும் பூ ஒன்று என்று படம் படமாகக் கீறிக் கொடுத்துவிட்டு, போகும்போது நானாவுக்குக் குனிந்து வணக்கமும் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையை முறித்திருப்பேன். புதுக்குடை என்பதால் விட்டேன்.

அந்தப் படங்களோடு நானாவின் கல்வி பூர்த்தியானது. பிறகு வந்தது அவருடைய பிரசங்கம். அலுவலகத்தில் அதைக் கேட்காதவர் கிடையாது.

"இங்க பாருங்க மிஸ். 'ஈ' எண்டா சோம்பேறி நட. எண்ணெய் குறையக் குடிக்கும், கியரச் சுறுக்கா மேல ஏத்திட்டுச் சும்மா உருளும். 'டி' கலியாண ஊட்டுக்குப் போற நட. 'எஸ்' எண்டா கோவம் வந்த நட. கியர மேல விடாது, பிடிச்சு வெச்சு உறுமும், மிதிச்ச ஒடன பாயும். 'எம்' எண்டா மனுவல். நான் சொல்றதத்தான் கேக்கோணும், தன்ட இஷ்டத்துக்கு மாறப்படா. கார் ஒண்டுதான். ஆனா உள்ளுக்க நாலு புத்தி இரிக்கி."

விளக்கம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அறிவு வந்தவர் சும்மா இருப்பாரா? மனேஜரின் மாமியாரை மலைமேல் இருக்கும் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஏறும்போது பிரச்சினை இல்லை. இறங்கும்போது நானா 'எம்'மில் போட்டு இரண்டாம் கியருக்கு இறக்கியிருக்கிறார். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, எஞ்சினே இழுத்துப் பிடிக்கவேண்டும் என்பது அவருடைய லொறிக்காலச் சட்டம். எஞ்சின் உறுமத் தொடங்கியது. ஓரமாக நின்ற மான்கள் ஓடின. மாமியார், கார் அப்படியே கடலுக்குள் பாயப் போகிறது என்று நினைத்து, அர்ச்சனைத் தட்டோடு கதவைத் திறந்து குதித்துவிட்டா. கார் ஆள் நடக்கும் வேகத்தில்தான் வந்தது, அடிபடவில்லை. ஆனால் ஓடிய மான்கள் திரும்பி வந்து, தட்டில் இருந்து சிதறிய தேங்காய், வாழைப்பழம் எல்லாவற்றையும் முடித்துவிட்டன. மனேஜரின் வீட்டில் இருந்து எனக்குத்தான் போன் வந்தது. அரை மணித்தியாலம் ஏச்சு.

இதையும் பொறுத்தேன். பொறுக்க ஏலாமல் போனது ரன்னிங் சார்ட்டைப் பார்த்த அன்று.

எந்த ஓட்டத்தில் யார் ஏறினார், எங்கே இறங்கினார் என்று டிரைவர் எழுதிக் கையெழுத்து வைக்கும் தாள்தான் ரன்னிங் சார்ட். மாதக் கடைசியில் அதை நான் சரிபார்ப்பேன். அந்த மாதம் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஓர் எழுத்து. பல் வலி எஞ்சினியருக்கு 'டி'. கப்டன் ஒருவருக்கு 'ஈ'. மனேஜருக்கு 'எம்'. என் பெயருக்குப் பக்கத்தில், ஒரு நாள் தவறாமல், 'எஸ்'.

கூப்பிட்டுக் கேட்டேன். மனுசன் ஒளிக்கக்கூட இல்லை.

"ஆள் ஏறின ஒடன எனக்கு விளங்கும் மிஸ், எந்த மோட் எண்டு. மனேஜர் மத்தவங்க சொல்லாம ஒண்டும் செய்யமாட்டாரு, அதனால 'எம்'. நீங்க ஏறக்கொள்ளயே உறுமிக்கிட்டுத்தான் ஏறுறீங்க."

"நான் உறுமுறனா?"

"இப்பயும் அதான் செய்யிறீங்க."

அன்று பின்னேரம் முறைப்பாட்டுக் கடிதத்தை நானே டைப் பண்ணினேன். பிளேன்ரீயில் தொடங்கி, பல் வலி, மான், ரன்னிங் சார்ட் என்று ஒன்றையும் விடவில்லை. மனேஜர் வாசித்துவிட்டு, "இதுக்கு மேலை என்ன இருக்கு, ஆளை நிப்பாட்டுவம். அதுக்கும் ஒரு கடிதம் அடியுங்கோ மிஸ். சேர்மன் வாற கிழமை வாறார், அவரே சைன் வைக்கட்டும்" என்றார். அதையும் அடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் வேலை போனால் அவர் மறுபடி மணல் லொறிதான் ஏறவேண்டும், அந்த முதுகு அதைத் தாங்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.

சேர்மன் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், கொழும்புக் கோட்டுச் சூட்டோடு கழுத்துப்பட்டி வேறு. சல்லிப் பக்கம் கடலோரத்தில் ஒரு காணி பார்க்கவேண்டுமாம். முன்சீட்டில் சேர்மன், பின்னால் மனேஜரும் நானும். குறிப்பெடுக்க நான். என் மடியில் நீல ஃபைல், ஃபைலுக்குள் அந்தக் கடிதம். காணி பார்த்து முடிந்ததும் கையெழுத்து என்று மனேஜர் அவரிடம் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்.

கார் புறப்பட்டு ஐந்து நிமிடத்தில் சேர்மன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கியர்த் தடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானை அமத்தினார். பனிப்பூப் படம் போட்ட பொத்தான்.

"சேர், அது ஏசி இல்ல" என்றார் நானா.

"பனிப்பூப் படம் போட்டிருக்கு. ஏசி இல்லாம வேற என்ன?"

"ரோட்டுல பனி கொட்டினா அமத்திற சுவிச்சி சேர்."

"ட்ரிங்கோவில பனியா!" சேர்மன் சிரித்தார். சேர்மன் சிரித்ததால் மனேஜரும் சிரித்தார். நானா சிரிக்கவில்லை. கையை நீட்டிப் பொத்தானை அணைத்துவிட்டார். சேர்மன் மறுபடி அமத்தினார். நானா மறுபடி அணைத்தார். சல்லிச் சந்திக்கு வருவதற்குள் இது நாலு தரம் நடந்தது. ஐந்தாவது தரம் சேர்மன் கத்தினார்.

"நிப்பாட்டு! இறங்கு! எனக்குக் கார் படிப்பிக்க வந்திட்டான்!"

நானா மடித்த காலை நீட்டிச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி, பின்னால் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். மனேஜர் முன்னுக்குப் போனார். சேர்மன் டிரைவர் சீட்டுக்கு மாறி, தடியை 'எஸ்'சுக்குத் தள்ளினார். கார் உறுமியது. கருவாடு காயப்போட்டிருந்த பாய்களைத் தாண்டி, வள்ளங்களுக்கு இடையில், ரோட்டு முடிந்த இடத்தையும் தாண்டிக் கடல்மணலுக்குள் அப்படியே இறங்கினார்.

பத்து யார்தான். பின்சில்லு இரண்டும் சுழன்றன. சேர்மன் இன்னும் மிதித்தார். நானா என் காதுக்குள், "மொதலாவது கியரப் பிடிச்சு வெச்சு மிதிக்கிறாரு மிஸ். கிணறு வெட்டுறாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வரும்போலத்தான் இருந்தது. காரின் அடிவயிறு மணலில் குந்திவிட்டது.

மீனவர்கள் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டுக் கூடினார்கள். பத்துப் பேர் தள்ளினார்கள். சேர்மன் மிதித்த மிதியில் பத்துப் பேரின் வாய்க்குள்ளும் மணல். இழுக்க ட்ராக்டர் கேட்டால், அது வலையோடு நிலாவெளிக்குப் போயிருந்தது. சேர்மன் இறங்கி, கடற்கரையில் மணல் இருப்பதற்காக மனேஜரை ஏசினார். மனேஜர், "சொறி சேர்" என்றார். பிறகு சேர்மன் பனைமர நிழலில் போய் நின்று, சிக்னல் இல்லாத போனோடு சண்டை பிடித்தார்.

நானா யாரையும் கேட்கவில்லை. பின்சில்லுகளில் கொஞ்சம் காற்றை இறக்கினார். அவற்றுக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே வழித்து எடுத்தார். முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். ஏறி, இடது காலை மடித்துப் போட்டு, பனிப் பொத்தானை அமத்தினார்.

"என்ன நானா செய்யிறீங்க?"

"இத அமத்தினா கார் மொதலாவது கியரத் தொடாது மிஸ். ரெண்டாவதுல எடுக்கும், மெதுவா. மணல்ல லொறிய நான் அப்பிடித்தான் எடுத்த. மொதலாவது கோவக்கார கியர், தோண்டத்தான் தெரியும். பனியோ மணலோ, வழுக்கிற எடத்துல அடிக்கப்படா. தடவோணும்."

தடவினார். காரும் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு, தொட்டிலில் இருந்து பிள்ளையைத் தூக்குவதுபோல, தன்னைத் தானே தூக்கிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தது. கரை முழுக்கக் கூக்குரல். கருவாட்டுப் பாயில் இருந்த ஒரு அக்கா பனைமரத்தைப் பார்த்துக் கத்தினா: "சேர், பனி நல்லாப் பெஞ்சிட்டுது, வாங்கோ!"

நன்றி சொல்வார் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். சேர்மன் வந்த வேகத்தில் முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒரு மீனவக் கிராமமே தன்னைப் பார்த்துச் சிரித்ததற்கு யாராவது பொறுப்புச் சொல்லவேண்டும். நான் அப்போதுதான் பின்சீட்டில் ஏறியிருந்தேன். சேர்மன் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"அந்தக் கடிதம் எங்க? கொண்டாங்க. இப்பவே சைன் பண்றேன்."

நானா ஸ்டியறிங்கில் கையை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் மணல்.

எனக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நீல ஃபைல் பக்கத்தில் கிடந்தது. சேர்மன் பேனையைத் தேடச் சட்டைப் பைக்குக் கண்ணை இறக்கிய நேரம், நான் சற்று எழும்பி அதன்மேல் இருந்துவிட்டேன்.

"கடிதத்தைக் கொண்டுவர மறந்திட்டன் சேர்."

மனேஜர் என்னைப் பார்த்தார். காலையில் அதை என் கையில் தந்தவரே அவர்தான். பிறகு அவர் கடலைப் பார்த்தார். அந்த ஒரு தடவை, யாரும் சொல்லாமல் அவர் ஒரு காரியம் செய்தார்.

"மறந்தீங்களா? இதுக்கா உங்கள வேலைக்கு வெச்சிருக்கு? நீங்க எல்லாம் ஒரு கிளார்க்கா?"

திருகோணமலை வரைக்கும் சேர்மன் ஏசினார். ஒரு காகிதத்தையும் மறக்காதவளை, மறதிக்காரி என்று முன்சீட்டில் இருந்து திரும்பித் திரும்பி ஏசினார். எனக்குக் கீழே கடிதம் கசங்குவது கேட்டுக்கொண்டிருந்தது. என் கோபம் முழுக்க சேர்மனில் அல்ல, முன்னால் காலை மடித்துக்கொண்டு போகிற அந்த மனுசனில்தான். இந்த ஆளுக்காக நான் பொய் சொல்லி, இந்த ஆளுக்காக ஏச்சும் வாங்கவேண்டுமா? கார் வேறு, தண்ணீர் தளம்பாமல் போய்க்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் இறங்கும்போது நானா கதவைத் திறந்து பிடித்தார். குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மிஸ், ஃபைல் கசங்கிட்டு."

"உங்கடை வேலையைப் பாருங்கோ!" என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

கடிதத்தைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் சேர்மன் போனார். நான் அனுப்பவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை. சேர்மன்மாருக்கு மறதி வந்தால் அதற்கு யாரும் ஏசுவதில்லை. கடிதம் இன்னமும் என் மேசை லாச்சிக்குள், கசங்கியபடியே கிடக்கிறது.

அந்த மாதக் கடைசியில் ரன்னிங் சார்ட் வந்தது. சல்லி ஓட்டம். சேர்மனுக்கு 'எஸ்'. என் பெயருக்குப் பக்கத்தில் எழுத்து இல்லை. பேனையால் ஆறு கோடு குறுக்கும் மறுக்குமாகக் கீறி, ஓரத்தில் சின்னச் சின்னக் கிளை வைத்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதேதான்.

"இதென்ன நானா, நட்சத்திரமா?"

"பனி மிஸ்."

"எனக்கேன் பனி?"

"கோவக்காரருக்கு மொதலாவது கியர் சரிவராது. ரெண்டாவதுலதான் எடுக்கோணும்."

அறுபது வயது வரைக்கும் இருந்து, போன வருடம்தான் நானா ஓய்வில் போனார். இன்றைக்கும் வேலை நேரம் பார்த்துப் போன் எடுப்பார். "இப்ப ஓட்டுறவரு எந்த மோட்ல ஓட்டுறாரு மிஸ்?" என்று கேட்பார். எனக்கு வேலை இல்லையா என்று ஏசிவிட்டு வைப்பேன். ஒரு கிழமை எடுக்காவிட்டால் நானே எடுத்து, ஏன் எடுக்கவில்லை என்று ஏசுவேன்.

புது டிரைவர் நல்லவர். இரண்டு காலும் கீழேதான் இருக்கும். எப்போதும் 'டி'. மலை, மணல், மாமியார் எல்லாவற்றுக்கும் 'டி'. எனக்கு அந்தக் காரில் ஏறவே பிடிக்கவில்லை. நேற்று வங்கிக்குப் போக ஏறினேன். வேண்டுமென்றே முன்சீட்டில் இருந்தேன். துறைமுக கேற்றைத் தாண்டியதும் கையை நீட்டிப் பனிப் பொத்தானை அமத்தினேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏசி காணாதோ மிஸ்?"

"ஓம் தம்பி," என்றேன். "கொஞ்சம் வெக்கையாக் கிடக்கு."